மூன்று உச்சி, ஒரு ஒயர்: ஹெல்வெலின் முகட்டில் ஹாம் ரேடியோவோடு ஒரு நாள்

மலைக்கு ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேசும் ரேடியோ, கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த செட் வாங்கலாம் என்பதைத்தான். நான் பதிலுக்குக் கேட்பது வேறு. ஆன்டெனாவை எத்தனை நிமிடத்தில் கட்டுவீர்கள், எத்தனை நிமிடத்தில் சுருட்டுவீர்கள்? ஒரே உச்சிக்குப் போய்த் திரும்புவதென்றால் அரை மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை. முகட்டு நடையில் அப்படி இருக்க முடியாது. முதல் உச்சியில் வீணாக்கிய இருபது நிமிடத்துக்கு, கடைசி இறக்கத்தில் கால்கள் தள்ளாடும்போது கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் அந்த நாள் முழுவதையும் நடையை வைத்துத் திட்டமிடுங்கள். ரேடியோவை அதற்குள் பொருத்துங்கள்.

நான் போடிநாயக்கனூர்க்காரி. மொட்டைமாடியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரிகிற ஊர். வேலைக்காக இங்கிலாந்து வந்து லங்காஷயரில் குடியேறியபோது, கண்ணுக்கெட்டிய தூரத்தில் மலை இல்லாதது பெரிய குறையாக இருந்தது. விடுமுறை நாட்களில் வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலையும் ஏரியுமான பகுதியில் நடக்க ஆரம்பித்தேன். ஹாம் உரிமம் அதற்கப்புறம் வந்தது. இரண்டும் ஒன்றுசேர்கிற இடம் ‘சோட்டா’, அதாவது சம்மிட்ஸ் ஆன் தி ஏர் என்ற திட்டம். ஜான் லின்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் ஹாம் யோசித்து, 2002 மார்ச் 2 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கியது. உச்சியில் நின்று பேசுகிறவர் ‘ஆக்டிவேட்டர்’, வீட்டிலிருந்து அவரைத் தேடிப் பிடிக்கிறவர் ‘சேஸர்’. இருவருக்கும் புள்ளிகள் உண்டு. 1,000 புள்ளி சேர்த்த ஆக்டிவேட்டருக்கு ‘மவுன்டன் கோட்’ என்று பெயர். நான் அந்த மலையாட்டுப் பட்டத்துக்கு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறேன்.

விதிகளில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியவை சிலவே. உச்சிக்குக் கடைசி ஏற்றம் உங்கள் சொந்தச் சக்தியில் இருக்க வேண்டும், கருவி எல்லாவற்றையும் நீங்களே சுமக்க வேண்டும். மின்சாரம் பேட்டரியிலோ சூரிய ஒளியிலோ வர வேண்டும், ஜெனரேட்டர் கூடாது. நீங்கள் உட்காரும் இடம் உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். புள்ளி கிடைக்கக் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேசியிருக்க வேண்டும். சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் தரை நிலையமான ரிப்பீட்டர் வழியாகப் பேசியது கணக்கில் வராது. ஒரு உச்சிக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் ஆக்டிவேட்டர் புள்ளி.

உரிமம் இல்லாதவர்கள் இதைப் படித்தால், பிரிட்டனில் முதல் படி ஃபவுண்டேஷன் தேர்வு. 26 கேள்வி, 19 சரியாக இருந்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம். 2024 பிப்ரவரியிலிருந்து அந்த உரிமத்துக்கே 25 வாட் அனுமதி இருக்கிறது. மலையில் நான் 5 வாட்டுக்கு மேல் போவதே அரிது, அதனால் சோட்டாவுக்கு முதல் படியே போதும்.

வழி

நான் பரிந்துரைப்பது பேட்டர்டேல் கிராமத்தில் தொடங்கி கிரைஸ்டேல் பள்ளத்தாக்கை லாடம்போல் சுற்றி வரும் முகடு. செயின்ட் சன்டே கிராக் (841 மீ.), ஃபேர்ஃபீல்டு (873 மீ.), இறங்கி கிரைஸ்டேல் டார்ன் என்ற சுனை, மறுபடி ஏறி டாலிவாகன் பைக், நெதர்மோஸ்ட் பைக், கடைசியில் ஹெல்வெலின் (950 மீ.). பிறகு கிளென்ரிடிங்குக்கு இறக்கம். மொத்தம் சுமார் 17 கி.மீ. நடையும் 1,300 மீட்டர் ஏற்றமும் ஆகும்.

பெயர் சொன்னது ஐந்து உச்சி, தலைப்பில் இருப்பது மூன்று. காரணம், சுற்றியுள்ள தாழ்விலிருந்து ஒரு உச்சி குறைந்தது 150 மீட்டராவது தனித்து எழும்பியிருந்தால்தான் பிரிட்டனில் சோட்டா அதைத் தனி உச்சியாக ஏற்கும். டாலிவாகனும் நெதர்மோஸ்ட்டும் உயரம்தான், ஆனால் ஹெல்வெலினின் தோளில் உள்ள மேடுகளாகவே அவை எண்ணப்படும். செயின்ட் சன்டே கிராக் 159 மீட்டரில் தப்பித்துக்கொள்கிறது. வரைபடத்தில் உயரத்தை மட்டும் பார்த்து ஆன்டெனா கட்டி, நான்கு பேரோடு பேசி, வீட்டுக்கு வந்த பிறகு அது பட்டியலிலேயே இல்லை என்று அறிகிறவர்கள் உண்டு. கிளம்புவதற்கு முன் சோட்டா பட்டியலில் குறியீட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஹெல்வெலின் ஜி/எல்டி-003, ஃபேர்ஃபீல்டு 007, செயின்ட் சன்டே கிராக் 010. முதலாவதற்கு 10 புள்ளி, மற்ற இரண்டுக்கும் எட்டெட்டு.

நேரக் கணக்குக்கு மலையேறிகளின் பழைய நெய்ஸ்மித் விதியே போதும். 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி. இந்த வழிக்கு ஐந்தே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். மூன்று உச்சியில் முக்கால் மணி வீதம் இரண்டேகால் மணி. சாப்பாடு, மூச்சு வாங்க நிற்பது, சுமையோடு நடப்பதால் வரும் தாமதம் எல்லாம் சேர்த்தால் பத்து மணி நேரம் ஒதுக்குவதுதான் நியாயம். அதனால் மே கடைசியிலிருந்து ஜூலை வரை, பகல் நீண்டிருக்கும் காலத்தில் போகச் சொல்வேன். நான் காலை ஏழு மணிக்கு முன் நடக்கத் தொடங்கிவிடுவேன். அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. பென்ரித்திலிருந்து வரும் 508-ஐப் பிடிப்பதென்றால் முந்தைய மாலையே வந்து தங்கிவிடுங்கள்.

மூட்டைக்குள் என்ன

நடைக்கான மூட்டையை முதலில் கட்டுங்கள்: மழைச் சட்டை, கூடுதல் கம்பளி, தலை விளக்கு, விசில், சாப்பாடு, தண்ணீர், காகித வரைபடம், காம்பஸ். அதில் எதையும் எடுத்துவிட்டு ரேடியோவுக்கு இடம் செய்யாதீர்கள். உச்சியில் அசையாமல் முக்கால் மணி உட்காரப்போகிறவருக்கு, நடந்துகொண்டே இருப்பவரைவிட ஒரு அடுக்கு துணி கூடுதலாக வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும், காற்று வேறு. ஜூன் மாதத்திலும் கையுறை வைத்திருப்பேன். உட்கார ஒரு துண்டு ஃபோம் ஷீட் அவசியம். ஈரக் கல்லில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் குளிர் முதுகுக்கு ஏறிவிடும்.

ரேடியோ பக்கம் என் சுமை மூன்றரை கிலோ. செட் யேசு எஃப்டி-818. 6 வாட் வரை கொடுக்கும், தூரம் போகும் ஷார்ட்வேவும், அதைவிட அதிர்வெண் கூடிய விஹெச்எஃப்பும் ஒரே பெட்டியில். அதன் உற்பத்தி நின்றுவிட்டது, பழையதாகக் கிடைக்கும். அதைவிட எடை குறைந்த புதிய செட்கள் நிறைய வந்துவிட்டன. உங்களிடம் இருப்பதைக் கொண்டுபோங்கள். பேட்டரி 4 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட். கேட்கும்போது கிட்டத்தட்ட அரை ஆம்பியர், பேசும்போது 2 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டேகால் மணி நேரத்தில் அரை மணி பேச்சு என்றால் மொத்தம் 2 ஆம்பியர்-மணிக்குள் முடியும். மீதி என் நிம்மதிக்கு.

ஆன்டெனாதான் இந்த நாளின் உயிர். கடையில் வாங்க வேண்டியதில்லை. நடுவில் கேபிள் இணைத்து இரு பக்கமும் ஒயர் நீளும் ஆன்டெனாவுக்கு டைபோல் என்று பெயர். அரை அலை டைபோல் ஒன்றுக்கு 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் மொத்த நீளம் வரும். 14.285 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர், பக்கத்துக்கு 5. 7.1-க்கு 20 மீட்டருக்குச் சற்று மேல், பக்கத்துக்கு 10. இரண்டு ஆன்டெனா சுமப்பதற்குப் பதில், இரண்டு பக்கமும் 5-வது மீட்டரில் ஒயரை வெட்டி, அந்த இடத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டும் முதலைக் கிளிப்பும் வையுங்கள். கிளிப்பைப் போட்டால் 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ் பகுதி), கழற்றினால் 20 மீட்டர் பேண்ட் (14 மெகாஹெர்ட்ஸ் பகுதி). முதலில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, பூங்காவில் கட்டிப் பார்த்து, ஆன்டெனா அலைவரிசைக்குப் பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கட்டிய கோணம் மாறினால் நீளமும் மாறும், அதனால் மலையில் கட்டப்போகிற அதே உயரத்தில் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

கிளிப்பில் ஒரு விஷயம். என் முதல் டைபோலில் கிளிப்பைக் கறுப்பு ஒயரில் கறுப்பாகவே வைத்திருந்தேன். ஃபேர்ஃபீல்டில் மேகம் மூடியிருந்த ஒரு காலை, விரல் மரத்துப்போயிருந்தது, ஒரு பக்கக் கிளிப் கழன்றிருந்தது தெரியவில்லை. ஒரு கை 10 மீட்டர், மறு கை 5 மீட்டர். ரேடியோ திட்டிக்கொண்டே இருந்தது, நான் கேபிளைச் சந்தேகித்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் போனது. இப்போது இரண்டு கிளிப்புகளிலும் ஆரஞ்சு நிற ரிப்பன் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. கம்பத்தடியில் உட்கார்ந்தபடியே இரண்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். அதே ரிப்பன், ஒயரில் கால் தடுக்கி விழாமல் மற்றவர்களையும் காக்கும்.

கம்பத்துக்கு, துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி மடங்கும் 6 மீட்டர் ஃபைபர்கிளாஸ் மாஸ்ட். கார்பன் ஃபைபர் தூண்டில் கம்பு வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். மடக்கினால் பைக்குள் முழுதாக அடங்குகிற நீளமாகப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பு, கை ஊன்றி இறங்க வேண்டிய பாறைகளில் தட்டும், சமநிலையைக் கெடுக்கும். விஹெச்எஃப்புக்கு 450 ஓம் ரிப்பன் கேபிளில் செய்த ‘ஸ்லிம் ஜிம்’ இருக்கிறது. ஒன்றரை மீட்டர், சுருட்டினால் பாக்கெட்டில் போகும், செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் 7 மீட்டர் ஷார்ட்வேவுக்குப் பரவாயில்லை. 145 மெகாஹெர்ட்ஸில் அதே கேபிள் உங்கள் சக்தியில் கிட்டத்தட்ட பாதியைத் தின்றுவிடும். ஸ்லிம் ஜிம்முக்குத் தனியாக 2 மீட்டர் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிப் பழகுவது

இதைத் தோட்டத்தில் பத்து முறையாவது செய்யுங்கள். கடைசி இரண்டு முறை கையுறையோடு, முடிந்தால் மழையில்.

என் வரிசை இது. பையைக் காற்று வரும் பக்கமாகச் சாய்த்து வைப்பேன். மாஸ்ட்டின் மேல் மூன்று துண்டுகளை மட்டும் இழுத்து, நுனியில் டைபோலின் நடுவைக் கொளுவி, மூன்று கட்டுக்கயிறுகளை மூன்று ஆணிகளில் மாட்டிவிட்டுத்தான் மீதித் துண்டுகளை உயர்த்துவேன். ஆறு மீட்டரையும் நிமிர்த்திய பிறகு ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிறு கட்ட முகட்டுக் காற்று விடாது. பாறை மேட்டில் ஆணி இறங்காது, அங்கே கயிற்றில் சுருக்குப் போட்டுக் கல்லில் மாட்டுவேன். ஆனால் கல் குவியல்களைக் கலைக்கக் கூடாது. அவை வழி காட்ட வைத்தவை. டைபோலின் இரண்டு நுனிகளையும் நடைக்கோல்களின் தலையில் கட்டினால், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் கிடைக்கும். ஒயரை முகட்டின் நீளவாக்கில், பாதையிலிருந்து விலக்கி ஓட்டுங்கள்.

கட்ட ஆறு நிமிடம், சுருட்ட ஐந்து நிமிடம். அதற்கு மேல் ஆனால் இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம். சுருட்டுவதில் ரகசியம், ஒயரை எட்டு வடிவில் அட்டையில் சுற்றுவது. வட்டமாகச் சுற்றிய ஒயர் அடுத்த உச்சியில் சிக்கலாக வெளியே வரும்.

எந்த உச்சியில் எந்த பேண்ட்

மூன்று உச்சியிலும் ஒரே மாதிரி வேலை செய்யத் தேவையில்லை. மலையே வழி சொல்லும்.

செயின்ட் சன்டே கிராக்குக்கு மேற்கே ஹெல்வெலின் தொடர் சுவர்போல் நிற்கிறது, தெற்கே ஃபேர்ஃபீல்டு. விஹெச்எஃப் அலை நேர்க்கோட்டில் போவது, இந்தச் சுவரில் முட்டும். அங்கே நான் 40 மீட்டர் பேண்டில் மட்டும் பேசுவேன். ஆறு மீட்டர் உயர டைபோல் 7 மெகாஹெர்ட்ஸில் அலையைப் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் அனுப்பும். அது அயனமண்டலத்தில் பட்டு, சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் விழும், நடுவில் எந்த மலை நின்றாலும் கவலையில்லை. காலை ஒன்பது மணிக்கு பிரிட்டனின் சேஸர்கள் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் நான்கு பேர் கிடைத்துவிடுவார்கள்.

ஃபேர்ஃபீல்டு தெற்கே திறந்தது, விண்டர்மியர் ஏரியும் அதற்கப்பால் கடலும் தெரியும். இங்கே ஸ்லிம் ஜிம் போதும், டைபோல் கட்டாமலே நேரத்தை மிச்சப்படுத்தலாம். 145.500 அழைப்பு அலைவரிசை. அங்கே கூப்பிட்டு, யாராவது பதில் சொன்னதும் காலியான பக்கத்து அலைவரிசைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு நகர வேண்டும். அழைப்பு அலைவரிசையிலேயே உட்கார்ந்து பேசுவது மரியாதை இல்லை. விஹெச்எஃப் எட்டும் தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு: உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். ஹெல்வெலினுக்கு 127 கி.மீ. வரும். எதிரே இருப்பவரும் உயரத்தில் இருந்தால் அவர் பங்கும் சேரும்.

ஹெல்வெலினில் எல்லாம் செய்யலாம், நேரமும் இடமும் இருக்கும். உச்சி அவ்வளவு அகலம். 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங்கும் பெர்ட் ஹிங்க்லரும் ஒரு விமானத்தையே அங்கே இறக்கி மறுபடி பறந்து போனார்கள், அதற்கு ஒரு கல்லும் நட்டிருக்கிறது. விமானம் இறங்கிய இடத்தில் 20 மீட்டர் ஒயருக்கு இடம் இல்லாமல் போகாது. அதனால் கூட்டம் சாப்பிட உட்காரும் சிலுவை வடிவக் கற்சுவர் ஒதுக்கிடத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். 25 மீட்டர் விதிக்குள்ளேயே தெற்கே நன்றாகத் தள்ளி உட்காரலாம். மதியம் 20 மீட்டர் பேண்டில் ஐரோப்பா முழுக்கத் திறந்திருக்கும்.

முந்தின இரவே சோட்டாவாட்ச் தளத்தில் எந்த உச்சி, ஏறக்குறைய எத்தனை மணி என்று அறிவித்துவிடுங்கள். உச்சியில் போன் சிக்னல் இருந்தால் அலைவரிசையை ‘ஸ்பாட்’ போட்டதும் கூட்டம் கூடும். சிக்னல் இல்லாவிட்டால் மோர்ஸ் கைகொடுக்கும். நீங்கள் அறிவிப்புப் போட்டிருந்தால், உலகெங்கும் தானாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிவர்ஸ் பீக்கன் நிலையங்கள் உங்கள் மோர்ஸைப் பிடித்து, தளத்தில் தானே ஏற்றிவிடும். மோர்ஸ் கற்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. 5 வாட் குரல் முக்கிமுனகும் இடத்தில் 5 வாட் மோர்ஸ் சாதாரணமாகப் போய்ச் சேர்கிறது.

காம்பஸ்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஃபேர்ஃபீல்டின் தலை தட்டையான கல்வெளி. மேகம் மூடினால் எல்லாத் திசையும் ஒன்றுபோல் இருக்கும், கல் குவியல்களும் ஏராளம். வடக்கிலும் கிழக்கிலும் செங்குத்துச் சரிவுகள். கிரைஸ்டேல் டார்னுக்கு இறங்க மேற்கே போக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே பேசி முடித்துவிட்டு, கைச்செட்டைப் பையின் மார்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, காம்பஸை வழக்கம்போல் மார்புக்கு நேரே பிடித்து நடந்தேன். ஊசி ஆடாமல் அசையாமல் நின்றது, அதனால் சந்தேகமே வரவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் காலடியில் கல் சரியத் தொடங்கியது. சரிவு நான் எதிர்பார்த்ததைவிட மிகச் செங்குத்து. நின்றேன். காம்பஸை முன்னே நீட்டிப் பிடித்தபோது, ஊசி மெதுவாகத் திரும்பி வேறு இடத்தில் போய் நின்றது. மார்புக்குக் கொண்டுவந்தேன், பழைய இடத்துக்கே திரும்பியது.

கைச்செட்டின் ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. மைக்கிலும் இருக்கிறது, போனிலும் இருக்கிறது. ரேடியோ கொண்டுபோகாத நடையர்களுக்கு இந்த அளவு ஆபத்து இல்லை. நாம் சொல்லிக்கொள்ள வேண்டும். திசை பார்ப்பதற்கு முன் கைச்செட்டைக் கழற்றிப் பையின் பின்பக்கம் போடுங்கள், காம்பஸை உடலிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். இன்னொன்று, உச்சியில் உட்காரும் முன்பே, மேகம் இல்லாவிட்டாலும், அடுத்து இறங்கும் திசையை அளந்து லாக் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். முக்கால் மணி நேரம் காதை ரேடியோவுக்குக் கொடுத்து எழும்போது, எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்பதே மறந்திருக்கும்.

இடி

முகட்டில் ஆறு மீட்டர் கம்பத்தை நட்டு, அதனடியில் ஒயரைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தூரத்தில் ஒரு இடி கேட்டால் போதும், முதலில் கேபிளைக் கழற்றி, கம்பத்தை இறக்கி, முகட்டை விட்டு இறங்குங்கள். நடுவில் யார் கூப்பிட்டாலும் விடைபெறக்கூட வேண்டாம், அவர்கள் புரிந்துகொள்வார்கள். சில நேரம் இடிக்கு முன்பே ரேடியோ சொல்லிவிடும். இரைச்சல் சடசடவென ஏறி, சிக்னல் மீட்டர் காரணமில்லாமல் உயர்ந்தால், மேலே இருக்கும் மேகம் மின்னேற்றம் கொண்டது. வானிலைக்கு மவுன்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸின் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்தை முந்தின மாலையும் அன்று காலையும் பார்ப்பேன். காற்று மணிக்கு 35 மைலுக்கு மேல் என்றால் மூன்று உச்சித் திட்டத்தையே எடுக்க மாட்டேன்.

உதவி தேவைப்பட்டால் ரேடியோவை முதல் வழியாக நம்பாதீர்கள். 999 அழைத்து போலீஸ் கேட்டு, பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ கேட்க வேண்டும். குறுஞ்செய்தியிலும் அழைக்கலாம், அதற்கு முன்கூட்டியே ‘ரெஜிஸ்டர்’ என்று 999-க்கு அனுப்பிப் பதிந்திருக்க வேண்டும். விசிலென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை. அந்தப் பகுதிக்கு வருவது பேட்டர்டேல் மீட்புக் குழு, எல்லோரும் தன்னார்வலர்கள்.

ஹெல்வெலின் மேலே

போன ஜூனில் என்னோடு ஒரு தம்பி வந்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், லண்டனில் வளர்ந்தவன், ரேடியோ உரிமம் இல்லை. 2024-ல் விதி மாறியதிலிருந்து, உரிமதாரர் பக்கத்தில் இருந்து மேற்பார்த்தால் மற்றவரும் பேசலாம். அவனிடம் மைக்கைக் கொடுத்தேன்.

“அக்கா, இப்ப நான் என்ன சொல்ல வேணும்?”

“என் அழைப்புக்குறிய சொல்லு, அவங்களுக்கு ஃபைவ் நைன் குடு, நல்லா கேக்குதுன்னு அர்த்தம், உச்சியோட நம்பர சொல்லு. அவ்வளவுதான். பட்டன விட்டதும் கேளு.”

அவன் சொன்னான். பட்டனை விட்டான். முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஜெர்மன் உச்சரிப்பில் ஒரு முதியவர் குரல், எனக்குப் பல ஆண்டாகப் பழகிய குரல். எந்த உச்சியில் நான் இருந்தாலும் எப்படியோ கண்டுபிடித்து விடுவார். இது என் குரல் இல்லை என்று உடனே தெரிந்துகொண்டு, யார் பேசுவது என்று கேட்டார். தம்பி பெயரைச் சொன்னான். அவர் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். “அக்கா, அவர் எங்க இருக்கிறார்?” என்றான். வரைபடத்தில் அது ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அவன் ஒயரையும் பார்த்தான், சோப்புப் பெட்டி அளவு பேட்டரியையும் பார்த்தான். அடுத்த முறை மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்று கடைசியாக வந்தது ஸ்காட்லாந்தில் வேறொரு உச்சியிலிருந்து ஒருவர். உச்சியிலிருந்து உச்சிக்கு என்பது சோட்டாவில் தனிக் கணக்கு. அவர் பக்கம் காற்று மைக்கில் அடிப்பது கேட்டது, எங்கள் பக்கம் அடிப்பது அவருக்கும் கேட்டிருக்கும். இப்படி ஒரு அழைப்பு வந்தால் மற்றவர்கள் தாங்களே ஒதுங்கி வழி விடுவார்கள். நீங்களும் விடுங்கள்.

லாக் எழுத பென்சிலும் மழைக்கு நனையாத காகிதமும். பேனா ஈரத்தில் நின்றுவிடும். எழுத வேண்டியது அழைப்புக்குறி, நேரம், அலைவரிசை, இரு பக்க சிக்னல் ரிப்போர்ட், மறுமுனையும் உச்சியென்றால் அதன் குறியீடு. நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்க வேண்டும். கோடையில் பிரிட்டிஷ் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும், இதைத் தவறாக எழுதிய பதிவுகள் சேஸர்களின் பதிவோடு பொருந்தாமல் போகும். பழைய கைக்கடிகாரம் ஒன்றை யுடிசியில் வைத்துப் பைப் பட்டையில் கட்டியிருக்கிறேன்.

நடையர்கள் வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்லுங்கள், குழந்தைகள் இருந்தால் ஸ்பீக்கரைத் திறந்து கேட்க விடுங்கள். சத்தம் பிடிக்காதவர்களும் மலைக்கு வருவார்கள், மற்ற நேரம் ஹெட்போன்தான்.

இறக்கம்

மூன்று மணிக்கு எந்த நிலையில் இருந்தாலும் நான் செட்டை அணைத்துவிடுவேன். காத்திருக்கும் சேஸர்களிடம் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இறங்க இரண்டு வழி. சுவிரல் எட்ஜ் வழியே ரெட் டார்னுக்கு இறங்குவது குறுகியது, ஆனால் தொடக்கத்தில் கையும் ஊன்ற வேண்டிய பாறை. காய்ந்த நாளில், கால் தெளிவாக இருந்தால் மட்டும். ஈரமோ மேகமோ களைப்போ இருந்தால் வடக்கே வைட் சைடு வரை நடந்து, அங்கிருந்து வளைந்து வளைந்து கெப்பல் கோவுக்கு இறங்கும் பழைய பாதையைப் பிடியுங்கள். நீளம் அதிகம், கிளென்ரிடிங்கில்தான் முடியும். மூன்றாவது உச்சியை முடித்துவிட்ட மகிழ்ச்சியில் ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற குறுகிய பாறை முகட்டையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் வரும். மூன்றரை கிலோ ரேடியோவோடு, பத்து மணி நேர நாளின் கடைசியில், அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, இந்த உச்சிகளுக்கு மூன்று புள்ளி கூடுதல். அப்போது மூன்றையும் ஒரே நாளில் நினைக்காதீர்கள், பகல் போதாது. ஹெல்வெலின் ஒன்றே போதும். அந்த மாதங்களில் தினமும் ஒருவர் அதன் மேல் ஏறிப் பனியின் நிலையை எழுதி வெதர்லைன் என்ற வானிலைத் தளத்தில் போடுகிறார், அதைப் படித்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மாஸ்ட். ஈரத்தோடு மடக்கி வைத்தால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொள்ளும். அடி மூடியைத் திருகி, துண்டு துண்டாகக் கழற்றிக் குளியல் தொட்டியில் சாய்த்து வைப்பேன். ஒயரைத் துடைத்து, கிளிப்பில் ஏறிய மண்ணைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் எடுப்பேன். பேட்டரியை அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் சார்ஜில் போடுவேன். பிறகு லாக் புத்தகத்தைத் திறந்து, பென்சில் எழுத்தை ஒவ்வொரு வரியாகத் தளத்தில் ஏற்றுவேன். அந்த ஜூன் இரவு, ஜெர்மன்காரரின் வரியில் குறிப்புக்கான கட்டத்தில் தம்பியின் பெயரையும் எழுதி ஏற்றினேன்.